நம்ம மெட்ரோவும் எங்கள் மாடியும்

சீனிவாசராகவன் மாநில அரசில் செலவுக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவொன்றில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, ஒரு பாலத்தைக்கூடக் கட்டவிடாமல் ஓய்வு பெற்றவர். "என் மேஜையைத் தாண்டி ஒரு ரூபா தப்பாப் போனதில்லை" என்று அவரே சொல்லிக்கொள்வார். சரியாகப் போன ரூபாய் எதையும் அவர் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அவருக்கு மாடியோடு ஒரு வீடு. கீழே அவரும் மனைவி ருக்மிணியும். மாடி மகன் ரகுராமுக்காகக் கட்டப்பட்டது. ரகுராமோ நகரத்தின் மறுமுனையில், ஒயிட்ஃபீல்டையும் தாண்டி ஓர் அடுக்ககத்தில் குடியிருந்தான். அமெரிக்காவுக்குப் போயிருந்தாலாவது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு வாரம் தங்கியிருப்பான். உள்ளூரிலேயே இருந்ததால் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். "டிராஃபிக் ஆரம்பிக்கறதுக்குள்ள கிளம்பறேம்ப்பா" என்று காபி ஆறுமுன் எழுந்துவிடுவான். ஆக, மாடி பூட்டியே கிடந்தது. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது.

ருக்மிணிக்கு மறதி நோய். முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள், அப்புறம் பசி. பசித்தால் வாயைத் திறக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. "சாப்பிடு ருக்கு" என்று சீனிவாசராகவன் தட்டோடு நின்றால், யாரோ கையெழுத்துக் கேட்டு நிற்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நீங்க யாராத்துக்கு வந்திருக்கேள்?" என்று அவரிடமே மரியாதையாக விசாரித்த நாள்களும் உண்டு.

அவளைச் சாப்பிட வைக்க முடிந்தது சரளாவால் மட்டும்தான்.

சரளா ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வருவாள். ரகுராம் கல்லூரியில் படித்த காலத்தில் பாத்திரம் தேய்க்க வந்தவள்; பிறகு சமையல், பிறகு ருக்மிணி. அந்த வீட்டில் பதவி உயர்வு என்பதை நேரில் கண்டது அவள் ஒருத்திதான். நாற்காலியை இழுத்துப் போட்டு ருக்மிணியின் பக்கத்தில் உட்காருவாள். தனக்கும் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்வாள். "நாம சாப்பிடலாமாம்மா? நமக்குப் பசிக்குதுல்ல?" என்பாள். ருக்மிணி வாயைத் திறப்பாள். இதில் என்ன மாயம் என்று சீனிவாசராகவனுக்குப் புரிந்ததில்லை. சரளாவின் குரல்வாகு என்று ஒரு குறிப்பு எழுதி மனதுக்குள் அந்தக் கோப்பை மூடியிருந்தார்.

ஒருநாள் காலை சரளா குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"சார், எங்க ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"எதுக்கு?"

"மெட்ரோ வருதாம். அதுவும் எங்க தெருவுல இல்ல, எங்கியோ தள்ளி. அதுக்கு இவரு வூட்ட இடிச்சி நாலு மாடி கட்றாராம்."

"அது எப்போ வரது, எப்போ முடியறது?"

"ரயிலு வர்றப்ப வரட்டும் சார். வாடகை வந்து எறங்கிடுச்சே."

அவள் கணவன் பச்சைமுத்து சின்ன டெம்போ ஓட்டுகிறவன். அவனுடைய தம்பிக்கு அத்திபெலெ பக்கம் ஒரு வீடு இருந்தது. அங்கே இரண்டு அறை காலி. நகரம் முடிந்து, ஓசூர் ரோடும் மூச்சு வாங்கி, தமிழ்நாட்டு எல்லை கண்ணில் படுகிற இடம் அது.

"அங்கேர்ந்து வரணும்னா மூணு பஸ்ஸு மாறணும். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்ல, சரி. ஓசின்றதுக்காக பஸ்ஸு பறக்கவா போவுது? மெட்ரோ பொம்மசந்திராவோட நின்னுபோவுது. இன்னும் கொஞ்சூண்டு நீட்டி வுட்டாங்கன்னா நான் பாட்டுக்கு ஏசில கால் மேல கால் போட்டுக்குனு வருவேன்." சரளா சிரித்தாள். பிறகு உள்ளே திரும்பி ருக்மிணி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். "இத வுட்டுட்டு எப்டி சார் போறது? வாயே தொறக்காதே."

ருக்மிணி பட்டினி கிடந்த இரண்டு நாள்களைச் சீனிவாசராகவன் பார்த்திருக்கிறார். சரளாவுக்குக் காய்ச்சல் வந்த சமயம் அது. ஆறுதலாக எதையாவது சொல்லியாக வேண்டும்.

"ஏன் கவலைப்படறே? நம்ம வீடு இருக்கு. நம்ம மாடி சும்மாத்தானே கிடக்கு" என்றார்.

சரளா மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். குக்கர் விசில் அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

அவர் சொன்னதற்கு உத்தரவு என்று பொருள் இல்லை. கோப்பின் முதல் பத்தியில் 'இப்பொருள் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. அதோடு, நாலு தலைமுறையாகக் கன்னட நாட்டில் இருக்கிற குடும்பம் அது. அந்த வீட்டுத் தமிழில் 'எங்கள்' என்கிற சொல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'நம்ம'தான். கேட்கிறவரைச் சேர்த்தாலும் நம்ம, சேர்க்காவிட்டாலும் நம்ம. 'நம்ம தாத்தா திவான் ஆபீஸ்ல இருந்தவர்' என்று சீனிவாசராகவன் பஸ் நிறுத்தத்தில் நிற்பவரிடம் சொல்வார். அதைக் கேட்டு யாரும் அந்தத் தாத்தாவின் சொத்தில் பங்கு கேட்டதில்லை.

சரளாவின் வீட்டில் பேசியது வட ஆற்காட்டிலிருந்து கன்டோன்மென்ட்டுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களின் தமிழ். அதில் கன்னடம் இருந்தது, உருது இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. ஆனால் 'நம்ம' என்றால் நீயும் நானும்தான். இத்தனை வருஷமாக அவள் இந்த வீட்டில் நம்ம வீடு, நம்ம அம்மா, நம்ம காஸ் என்று கேட்டு வந்திருக்கிறாள். தானும் அப்படியே சொல்லி வந்திருக்கிறாள். ஒருவரும் திருத்தவில்லை.

அந்த வாரத்திலிருந்து மாடி தினமும் பெருக்கப்பட்டது. ஜன்னல் கம்பிகளில் இருந்த தூசி போயிற்று. மாடிப்படியில் பினாயில் வாசனை வந்தது. சரளாவுக்கு வேலையில் அக்கறை கூடிவிட்டது என்று சீனிவாசராகவன் மகிழ்ந்தார்.

லிங்கராஜபுரத்து ஹெர்பர்ட், தெருவில் பார்த்தபோது ஒரு விஷயம் சொன்னார். ஹெர்பர்ட் தையல் மெஷின் ஏஜென்சி வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டு, இப்போது முழு நேரமும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"சீனு சார், உங்க சரளா வூட்டுக்காரனுக்கு எங்க சர்ச்சு பின்னால ஒரு போர்ஷன் பேசி வெச்சேன். சீப்பான எடம். வேணாம்ட்டான். வேற எடம் ஆயிடுச்சாம்."

"எங்கே?"

"கேட்டா சிரிக்கிறான். எதோ நல்ல எடமாத்தான் இருக்கும்."

அத்திபெலெயைத்தான் சொல்கிறான் என்று சீனிவாசராகவன் எண்ணிக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை. பட்டிமன்றம் நெருங்கிக்கொண்டிருந்தது.

காக்ஸ் டவுன் முத்தமிழ் மன்றம் வருஷத்துக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தி நாட்டின் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துவைக்கும். முந்தைய வருஷம் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்பதைத் தீர்த்தார்கள். இந்த வருஷத் தலைப்பு: 'மெட்ரோ ரயிலை மேலும் நீட்டிக்க மக்கள் வரிப்பணத்தைச் செலவிடுவது தேவையா, தேவையற்றதா?' தேவை என்று பேச ஹெர்பர்ட். தேவையற்றது என்று பேச சீனிவாசராகவன்; அவரைவிட்டால் அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள். நடுவர் ஆராவமுதன். ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் நடுவர். ஒருமுறைகூட ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னதில்லை.

பேச்சாளர்களின் தமிழைச் செப்பனிடுவதும் ஆராவமுதனின் பொறுப்பு. சிவப்புப் பேனாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"'நம்ம வரிப்பணம்'னு எழுதியிருக்கேளே, யாரோட வரிப்பணம் ஓய்?"

"நம்மதுதான்."

"என்னோடதும் உம்மோடதுமா?"

"வரி கட்டறவாளோடது."

"எதிர்ல உக்காந்து கேக்கறவா எல்லாரும் கட்டறவாளா?"

"எல்லாரும்னு எப்படிச் சொல்றது."

"அப்படின்னா 'எங்கள்'னு எழுதும். கேக்கறவாளைச் சேத்துண்டா நாம். சேத்துக்கலேன்னா நாங்கள். இந்தக் கன்னட 'நம்ம' மேடையில ஏறித்துன்னா மானம் போயிடும்." பேனா தாளில் சரசரவென்று இறங்கியது. நம்ம வரி எங்கள் வரியாயிற்று. நம்ம உழைப்பு எங்கள் உழைப்பாயிற்று.

காபி கொண்டுவந்த சரளா எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், செவப்பு மசி ஜாஸ்தி ஓடுது. பெயிலா?"

"பாஸ் பண்ணிடுவார்" என்றார் ஆராவமுதன். "வாத்தியார் நல்ல வாத்தியார்."

இன்னொரு திருத்தம் மன்றத்தின் செயலாளரிடமிருந்து வந்தது. பேச்சில் ஓசூர் வரை ரயில் என்று ஓரிடத்தில் இருந்தது. பெங்களூரில் ஒரு தமிழ் மன்றம் மேடையேறி, கர்நாடகத்து வரிப்பணத்தில் தமிழ்நாட்டுக்கு ரயில் விடலாமா என்று பேசினால், வேண்டும் என்றாலும் வம்பு, வேண்டாம் என்றாலும் வம்பு. ஓசூரை அடியுங்கள் என்று செயலாளர் போனில் சொல்லிவிட்டார். சீனிவாசராகவன் அடித்தார். அந்த இடத்தில் எழுத வேறொரு ஊர்ப் பெயர் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தில் அவர் காதில் சமீபத்தில் விழுந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ருக்மிணியைத் தனியே விட முடியாது. ரகுராம் வருகிறேன் என்று சொல்லியிருந்தான்; பிறகு மாரத்தஹள்ளி பாலத்திலிருந்து போன் செய்து, வந்து சேரும்போது முடிந்திருக்கும், திரும்பிவிடுகிறேன் என்றான். மெட்ரோ பற்றிய கூட்டத்துக்கு டிராஃபிக்கால் வர முடியாதவர்கள் என்று அன்று இன்னும் சிலரும் இருந்தார்கள். பச்சைமுத்து டெம்போவின் முன்சீட்டில் ருக்மிணியை உட்காரவைத்து அழைத்துவந்தான். சரளா அவளுக்குப் பட்டுப் புடவை கட்டிவிட்டிருந்தாள், தானும் ஒரு நல்ல புடவை கட்டியிருந்தாள். மூவரும் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

ஆராவமுதன் முன்னுரையில் மனைவிகளைப் பற்றி மூன்று ஜோக் சொன்னார். மூன்றும் போன வருஷத்தவை. கூட்டம் போன வருஷத்தைப் போலவே சிரித்தது.

ஹெர்பர்ட் எழுந்தார். தாள் எதுவும் இல்லை. "நடுவர் அவர்களே, லிங்கராஜபுரம் மேம்பாலத்து மேல நான் ஸ்கூட்டரோட நிக்கிற நேரத்துல ஒருத்தன் கல்யாணம் பண்ணி புள்ள பெத்துடலாம். பணக்காரனுக்குக் காரு இருக்கு, அதுக்குள்ள ஏசி இருக்கு. அவன் நின்னா கூலா நிக்கிறான். நாங்க வெயில்ல நிக்கிறோம். ரயில் வுடுங்கன்னா, வரிப்பணம் வரிப்பணம்ன்றாரு சீனு சார். சாருக்கு மாசாமாசம் பென்ஷன் வருதே, அது எங்கேர்ந்து வருது? கப்பன் பார்க்குல மரத்துல காய்க்குதா?"

கூட்டம் சத்தமாகச் சிரித்தது. பச்சைமுத்து விசிலடித்தான், சரளா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். சீனிவாசராகவனின் காது மடல் சிவந்தது.

அவர் பேச எழுந்தபோது அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ஆகவே எடுத்ததுமே குரலை உயர்த்தினார். பேச்சு நன்றாகத்தான் வந்தது. கடன், வட்டி, காலியாக ஓடும் பெட்டிகள் எல்லாம் வந்தன. ஆனால் கூட்டம் பென்ஷனிலிருந்து இறங்கி வரவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் உதாரணத்துக்கு வந்தார். அவருக்கு மிகவும் பிடித்த இடம் அது.

"ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டு மாடி காலியாகக் கிடக்கிறது." ஒரு நிறுத்தம். கூட்டம் நிமிர்ந்தது. "காலியாகக் கிடக்கிறது என்பதற்காக, தூரத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களை எல்லாம் அதில் குடிவைக்க முடியுமா? அது எங்கள் உழைப்பு. எங்கள் பிள்ளைக்காகக் கட்டியது. எங்கள் வரிப்பணமும் அப்படித்தான். அத்திபெலெயில் போய்க் குடியேறுவது அவரவர் விருப்பம். அங்கிருந்து அவர்களை அழைத்துவருவது எங்கள் கடமை ஆகாது."

கைதட்டல் எழுந்தது. அன்று மாலையின் பெரிய கைதட்டல் அதுதான். கொட்டாவி விட்டவரும் தட்டினார். எல்லோரும் தட்டி முடித்த பிறகு, கடைசி வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டிக்கொண்டிருந்தது. ருக்மிணி. சரளா அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்தாள்.

ஆராவமுதன் தீர்ப்புச் சொன்னார். மெட்ரோவும் தேவை, சிக்கனமும் தேவை. தண்டவாளத்துக்கு இரண்டு கம்பி இருப்பதுபோல நாட்டுக்கு இரண்டும் தேவை. சிறந்த பேச்சாளருக்கான கேடயம் சீனிவாசராகவனுக்கு. கேடயத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு ரயில் ஒட்டியிருந்தது.

திரும்பும்போது சீனிவாசராகவனும் டெம்போவில் ஏறிக்கொண்டார். பச்சைமுத்து ஓட்டினான். வீட்டில் இறங்கி, ருக்மிணியைப் படுக்கவைத்துவிட்டு சரளா செருப்பைப் போட்டபோது, சீனிவாசராகவனால் பொறுக்க முடியவில்லை.

"எப்படிப் பேசினேன்?"

"நல்லா பேசுனீங்க சார்."

"புரிஞ்சுதா? எல்லாம் சுத்தத் தமிழ். ஆராவமுதன் ஒரு வார்த்தை விடாமத் திருத்தினார்."

"அதான் சார் புரிஞ்சுது" என்றாள் சரளா.

மறுநாள் காலை அவர் தினசரியில் மன்றச் செய்தி வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது. மாடியில் யாரோ நடக்கிறார்கள். எதையோ இழுக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தபோது பச்சைமுத்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். தலையில் ஒரு சாக்கு மூட்டை, அதில் பாத்திரங்களின் சத்தம். கக்கத்தில் கண்ணாடி போட்ட புத்தர் படம்.

"என்னப்பா எடுத்துண்டு போறே?"

"எங்களுதுதான் சார்" என்றான் பச்சைமுத்து.

குரலில் கோபம் எதுவும் இல்லை. தவறாக நினைத்துவிடப்போகிறாரே என்று மூட்டையை இறக்கி வாயைப் பிரித்தும் காட்டினான். இரண்டு குண்டான், ஓர் இட்லிப் பானை, மகள் வீணாவின் பழைய பள்ளிப் பை.

சீனிவாசராகவன் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பினாயில் வாசனை, துடைத்த ஜன்னல், பெருக்கப் போகும்போதெல்லாம் சரளா கையில் இருந்த பை, ஹெர்பர்ட் சொன்ன வேறு இடம். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன. கடைசியாக அவர் சொன்ன வாக்கியமும் வந்தது. நம்ம மாடி சும்மாத்தானே கிடக்கு.

"பச்சைமுத்து, நான் அன்னிக்குச் சொன்னது வேற. நேத்து சொன்னது வேற. நேத்து சும்மா பேச்சுக்கு…"

"தெரியும் சார். பேச்சுதானே."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். மூட்டையை மேலே கொண்டுபோ என்று மூன்று வார்த்தை. ஆயுள் முழுக்க எந்தக் கோப்பிலும் எழுதியிராத வார்த்தைகள் அவை. வாய்க்கு வந்தது வேறு.

"இதை அவசரப்படாம யோசிச்சு… ரகுவையும் ஒரு வார்த்தை கேட்டு… ஒரு முடிவு பண்ணலாம்."

"கேளுங்க சார்" என்றான் பச்சைமுத்து. "டெம்போ கீழதான் நிக்குது." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக, "மேல செவுத்துல ஒரு ஆணி அடிச்சிட்டோம். புடுங்கவா? புடுங்குனா காரை பேந்துக்கும்" என்றான்.

"இருக்கட்டும்."

டெம்போ போய்விட்டது.

ஜீவனஹள்ளி வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். ஹெர்பர்ட் பேசிவைத்த போர்ஷனுக்கு வேறு யாரோ வந்துவிட்டிருந்தார்கள். சரளா குடும்பம் அத்திபெலெக்குப் போயிற்று. இருந்தும் சரளா வேலைக்கு வந்தாள். மூன்று பஸ் மாறி, வெயில் ஏறிய பிறகு வந்து சேர்வாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ருக்மிணியிடம் போவாள். "நாம சாப்பிடலாமாம்மா? லேட்டாயிடுச்சு நமக்கு" என்பாள். அதுவரை பட்டினியாக உட்கார்ந்திருந்த ருக்மிணி வாயைத் திறப்பாள்.

அங்கே ஒன்றும் மாறவில்லை. மாறியது சீனிவாசராகவனிடம் பேசுகிறபோது மட்டும்.

"சார், உங்க காஸ் தீந்துபோச்சு."

"சார், உங்க வூட்டுக் கொழாயில தண்ணி சொட்டுது."

சண்டையில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. பழையபடி சிரித்தாள், சீரியல் கதை சொன்னாள், எதிர்வீட்டுக்காரியை வம்புக்கு இழுத்தாள். ஒரு சொல் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் அது அவர் காதில் கதவு சாத்துவதுபோல விழுந்தது.

ரகுராமிடம் கேட்டார். "குடிவெச்சா அப்புறம் கிளப்ப முடியாதுப்பா. நாளைக்கு விக்கறதா இருந்தா தொந்தரவு" என்றான் அவன். பிறகு, "அம்மாவுக்காகன்னா உங்க இஷ்டம்" என்றான். பிறகு சிக்னல் விழுந்துவிட்டது, வைக்கிறேன் என்றான். சீனிவாசராகவன் இதைச் சில நாள் வைத்துப் பார்த்தார். நன்மை தீமைகளை மனதில் இரண்டு பக்கமும் எழுதினார். மழைக்காலம் தொடங்கிற்று. ஒருநாள் சில்க் போர்டு சந்திப்பில் தண்ணீர் தேங்கி, சரளா வந்து சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. அவளுடைய புடவை முழங்கால் வரை சேறு. அன்றைக்குத்தான் அவருக்கு வாய் திறந்தது.

"சரளா, நம்ம மாடியை நீங்களே எடுத்துக்கோங்கோ. எல்லாரும் வந்துடுங்கோ."

சரளா சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க மாடி சார்" என்றாள். "எங்களுக்கு எதுக்கு? வீணாவ அங்கியே காலேஜுல சேத்துட்டோம். தம்பி வூடு நல்லாத்தான் இருக்குது."

"நான் அந்த அர்த்தத்துல…"

"பரவால்ல சார். சும்மா மனசுல வெச்சிக்காதீங்க." குழாயை மூடினாள். "பொம்மசந்திரா பக்கத்துல கார்மென்ட்ஸ்ல ஆள் எடுக்கிறாங்கோ. வேன் வந்து கூட்டிக்கினு போவுது. இந்த மாசத்தோட நின்னுக்கறேன். பஸ்ஸு சரிப்படல."

"மெட்ரோ நீட்டிட்டா, அப்புறமாவது…"

சரளா சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பேதான். "வரட்டும் சார், வரட்டும். உங்க வரிதானே, பாத்துச் செலவு பண்ணுங்க."

கடைசி நாள் ருக்மிணிக்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, தலை வாரிப் பின்னிவிட்டாள். "வரட்டாம்மா" என்றாள். ருக்மிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்ய சரளாவால் முடியவில்லை. சீனிவாசராகவன்தான் பிரித்தார்.

பிறகு ஏஜென்சியிலிருந்து ஷில்பா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், சீருடை போட்டவள். "மேடம், ஊட்டா மாடி" என்று கன்னடத்தில் கெஞ்சுவாள். அதையே "சாப்பிடுங்க மேடம்" என்று கற்றுக்கொண்ட தமிழில் கெஞ்சுவாள். ருக்மிணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் குழாய் போடலாம் என்றார். ருக்மிணியின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தன.

ஆராவமுதன் ஒருமுறை பார்க்க வந்தார். அடுத்த வருஷத் தலைப்பைப் பற்றிப் பேச வந்தவர், ருக்மிணியைப் பார்த்ததும் தலைப்பைச் சொல்லாமலே எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்மால என்ன செய்ய முடியும் ஓய்" என்றார். அந்த 'நம்மால'வில் தானும் உண்டா இல்லையா என்று சீனிவாசராகவன் கேட்கவில்லை.

அவர் மாடிக்குப் போய்ப் பார்த்தார். தரையில் மறுபடியும் தூசி படிந்திருந்தது. சுவரில் அந்த ஆணி இருந்தது. சும்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார்.

அன்று மதியம் ஷில்பாவைச் சற்று வெளியே உட்காரச் சொன்னார். ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டார். தனக்கும் ஒரு கிண்ணம். நின்றுகொண்டு ஊட்டித்தான் பழக்கம். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு ருக்மிணியின் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ மேடை ஏறியவருக்கு இந்த ஒரு வரி வர நேரமாயிற்று.

"நாம சாப்பிடலாமா, ருக்கு? நமக்குப் பசிக்கறதோல்லியோ?"

ருக்மிணி திரும்பி அவரைப் பார்த்தாள். உதடுகள் லேசாகப் பிரிந்தன. அவர் கரண்டியை எடுத்தார். அதற்குள் அவள் பார்வை அவரைத் தாண்டி வாசற்பக்கம் போயிற்று.

"அவ?" என்றாள்.

"அவ வரமாட்டா ருக்கு. தூரம்."

பல மாதங்களில் முதல் தடவையாக, ருக்மிணி அவர் முழங்கையில் தன் கையை வைத்தாள்.

"தூரம்னா நேரமாகும்" என்றாள் அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நாம காத்துண்டிருக்கலாம்."

சீனிவாசராகவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். இருவரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.